சுப்ராவின் ஏர்ஃப்ளோ மீட்டரைப் பழைய ஹைலக்ஸில் பூட்டினால் மலையில் இழுக்குமா?

2024 பெப்ரவரி 11, பண்டாரவளையிலிருந்து வந்த கேள்வி

அண்ணே, என்னிடம் இருப்பது 22ஆர்-இ பெற்றோல் எஞ்சின் போட்ட பழைய ஹைலக்ஸ் சிங்கிள் கெப். வெல்லவாயப் பக்கம் நன்றாக ஓடுகிறது. கொஸ்லந்தை, பெரகல தாண்டி ஹப்புத்தளைக்கு ஏறினால் திணறுகிறது, பெற்றோல் நாற்றமும் அடிக்கிறது. சுப்ரா காரின் ஏர்ஃப்ளோ மீட்டருக்கு வாய் பெரிது, அதைப் பூட்டினால் காற்று தாராளமாகப் போய் இழுவை கூடும் என்கிறார்கள். அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்கு நிறையப் பேர் இதைச் செய்திருக்கிறார்களாம். பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வண்டியில் போட்டீர்கள் என்று கேள்வி. வாங்கட்டுமா?

பெப்ரவரி 11, இரவு

அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எக்ஸோஸ்ட் குழாயில் ஒக்சிஜன் சென்சர் திருகியிருக்கிறதா? மலை ஏறி நிறுத்தியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனி என்ன நிறம்?

நுனி கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் உங்கள் எஞ்சினுக்குக் காற்று போகும் வழி அடைபடவில்லை, பெற்றோல் கூடிப்போயிருக்கிறது. ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் மருந்து வேறு.

ஆமாம், என் வண்டியில் சுப்ரா மீட்டர் ஓடியது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இன்று முடியாது. விடிய கந்தப்பொளையில் லீக்ஸ் ஏற்ற வேண்டும்.

பெப்ரவரி 13

மீட்டர் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இது புரியாமல் மாற்றினால் காசுதான் போகும்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் எக்சிலேட்டர் திறந்து மூடும் த்ரொட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற அந்த அலுமினியப் பெட்டிக்குள் ஒரு தகடு கீல் போட்டு நிற்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று அதைத் தள்ளித் திறக்கும். ஒரு சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கும். தகடு அதிராமல் இருக்க, அதே தண்டில் இன்னொரு தகடு ஒரு மூடிய அறைக்குள் அசைகிறது. மேலே உள்ள கறுப்பு மூடியைப் பிரித்தால் ஒரு சிறிய பலகை, அதில் கரித்தடம், தடத்தின் மேல் நகரும் ஒரு மெல்லிய உலோக விரல். தகடு எவ்வளவு திறந்தது என்பதை அந்த விரல் மின்னழுத்தமாக்கி, எஞ்சினின் கணினியான ஈசியுவுக்கு அனுப்பும். ஈசியு அதைப் பார்த்து, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்யும்.

பொஷ் நிறுவனம் 1970களின் முதற்பாதியில் கொண்டுவந்த எல்-ஜெட்ரொனிக் முறை இது. டொயோட்டாவின் பழைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இருப்பது அதன் வழி வந்ததுதான்.

அதே பெட்டிக்குள் இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சர். இரண்டு, பெற்றோல் பம்ப் சுவிட்ச்: தகடு கொஞ்சமாவது திறந்தால்தான் பம்ப் ஓடும், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். மூன்று, தகட்டைச் சுற்றிப் போகும் சிறிய பக்கவழியும் அதற்கான ஒரு ஸ்க்ரூவும். வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், காற்றும் பெற்றோலும் சேரும் கலவையை அந்த ஸ்க்ரூவில்தான் பிடிக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். இந்தத் தகடு காற்றின் எடையை அளப்பதில்லை. காற்று தள்ளும் தள்ளலைத்தான் அளக்கிறது. எஞ்சினுக்கோ எடைக் கணக்குத்தான் வேண்டும், பெற்றோல் எரிவது ஒக்சிஜனின் எடைக்கு ஏற்றபடி. கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்படி தொழிற்சாலையில் சரிபண்ணி அனுப்பியிருக்கிறார்கள். மலையில் அந்தக் கணக்கு விலகுகிறது.

பெப்ரவரி 13, கொஞ்சம் கழித்து

ஒக்சிஜன் சென்சரைப் பற்றி ஏன் கேட்டேன் என்று சொல்ல விட்டுப்போய்விட்டது. அது இருந்தால், சாதாரண ஓட்டத்தில் கலவை கூடினாலும் குறைந்தாலும் ஈசியு தானே திருத்திக்கொள்ளும். அமெரிக்காவில் விற்ற 22ஆர்-இ ட்ரக்குகளில் அது உண்டு. அங்கே ஒருவர் பெரிய மீட்டர் போட்டு "அருமையாக ஓடுகிறது" என்று எழுதினால், பாதி வேலையை அந்த சென்சர் பார்த்துக்கொள்கிறது. என் வண்டியில் அது கிடையாது. நம் பக்கத்துக்கு வந்த பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது. அதனால் அவர்கள் அனுபவத்தை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது.

பெப்ரவரி 18

கணக்கு கேட்டிருந்தீர்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 80 சதவீதம். ஹட்டன் 1271 மீட்டர், அங்கே சுமார் 86 சதவீதம்.

தகட்டு மீட்டரின் பிழை அழுத்த விகிதத்தின் வர்க்கமூலப்படி வரும். 80 சதவீதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.89 சொச்சம். அதாவது உண்மையில் உள்ளே போகிற காற்றைவிடச் சுமார் 12 சதவீதம் கூடுதலாகப் போகிறது என்று நுவரெலியாவில் மீட்டர் சொல்லும். ஈசியுவும் அதை நம்பி அந்த அளவு பெற்றோலைக் கூட்டி ஊற்றும். ஹட்டனில் சுமார் 8 சதவீதம்.

முழு எக்சிலேட்டரில் ஒரு கிலோ பெற்றோலுக்கு 12.5 முதல் 13 கிலோ காற்று என்ற கலவைதான் நல்ல இழுவை தரும். கீழே 12.8 ஆக இருக்கும் வண்டி நுவரெலியாவில் 11.5 அளவுக்கு வந்துவிடும். பெற்றோல் நாற்றமும் கறுத்த பிளக்கும் அங்கிருந்துதான் வருகின்றன. காற்று மெலிந்ததால் போகிற இழுவை ஒரு பக்கம், இந்தத் தவறான கலவையால் போவது இன்னொரு பக்கம். முதலாவதை டர்போ இல்லாமல் திரும்பப் பெற முடியாது. இரண்டாவதைப் பெறலாம்.

பெப்ரவரி 19

காபரேட்டர் வண்டியில் இந்தப் பிரச்சினையே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. காபரேட்டரும் காற்று ஓடும்போது உண்டாகும் அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் பெற்றோலை உறிஞ்சுகிறது, அதனால் பிழையும் அதே வர்க்கமூலப்படி, அதே திசையில். மலையில் ஓட்டும் காபரேட்டர் வண்டிக்குச் சின்ன ஜெட், அதாவது பெற்றோல் வரும் துளை சிறிதான ஜெட், போடுவது இதற்காகத்தான். ஜெட்டை மாற்றிய மெக்கானிக் பாஸுக்குக் காரணம் தெரிந்ததோ இல்லையோ, கை சரியாகத்தான் செய்தது.

பெப்ரவரி 25

"இருந்தாலும் வாய் பெரிதானால் நல்லதுதானே" என்று தம்பி மறுபடியும் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்ப்போம்.

ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய், இரண்டு மீட்டர் நீளம். யூ வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை மீட்டருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் செருகுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். பலகையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஓட்டுபவர் பாதையை மட்டும் பார்க்கட்டும். செங்குத்தான ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழு எக்சிலேட்டர் கொடுத்துத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

நானு ஓயா ஏற்றத்தில் பார்த்தபோது சில சென்டிமீட்டர்தான் ஏறியது. பழைய ஃபில்டரைத் தூக்கிவிட்டுப் புதிதைப் போட்டதும் அதிலும் பெரிய பகுதி இறங்கிவிட்டது. மிச்சம்தான் மீட்டரின் பங்கு. நுவரெலியாவின் உயரம் எடுத்துக்கொள்ளும் அழுத்தத்தை இதே தண்ணீர்க் கணக்கில் சொன்னால் 2 மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டரைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு சென்டிமீட்டருக்காகப் பெரிய மீட்டர் வாங்குவதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சுப்ராவின் 7எம்-ஜிஇ 2954 சிசி, ஆறு சிலிண்டர், அதன் முழு வலு நிமிடத்துக்கு 6000 சுற்றில். நம் 22ஆர்-இ 2366 சிசி. 4000 சுற்றில் அது இழுக்கும் காற்றுப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை சுப்ரா எஞ்சின் தன் உச்சத்தில் இழுக்கும். அந்த மீட்டரின் வாய் அதற்காக வைத்தது. சுமையோடு மலை ஏறும் நாம் 3000 சுற்றைத் தாண்டுவதே அபூர்வம்.

மார்ச் 3

என் வண்டியின் கதை.

மலையில் ஓடும் ஹைலக்ஸ்களில் பெரும்பாலானவை டீசல். என்னுடையது பெற்றோல் என்பதாலேயே மலிவாகக் கிடைத்தது. மரக்கறி ஏற்றிப் பேலியகொடைச் சந்தைக்கு இறங்குவேன், திரும்பும்போது தலவாக்கலைக் கடைகளுக்குச் சாமான். 2022இல் கியூஆர் கோட் காட்டி வாரத்துக்கு அளந்து பெற்றோல் வாங்கிய காலத்தில்தான், இந்த எஞ்சின் மேலே எவ்வளவு வீணாகக் குடிக்கிறது என்பது உறைத்தது. அப்போதுதான் சுப்ரா மீட்டரைத் தேடினேன்.

பூட்டிய அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். தலவாக்கலையிலிருந்து நானு ஓயா ஏற்றத்தில் முன்பு முதலாம் கியருக்கு இறங்கிய வளைவில் இரண்டாம் கியரிலேயே போனது. நாற்றம் இல்லை. சில நாள் கழித்துப் பிளக்கைக் கழற்றினால் நுனி பிஸ்கட் நிறம். "வாய் பெரிதானதால்தான்" என்று பாஸ் சொன்னார். நானும் பார்த்தவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன்.

அப்புறம் சுமையோடு கொழும்பிலிருந்து திரும்பும்போது, கித்துல்கல தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் இடத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. சின்னச் சுத்தியலால் இரும்பில் விட்டுவிட்டு அடிப்பது போன்ற சத்தம். எக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் நிற்கும், அழுத்தினால் மறுபடியும். 95 ஒக்டேன் ஊற்றிப் பார்த்தால் குறைந்தது, போகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் ஹட்டனை நெருங்க நெருங்கச் சத்தம் தானாக மறைந்துவிடும். அதன் பிறகு நுவரெலியா வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

எக்ஸோஸ்ட் குழாயில் ஓட்டை போட்டு, நட் வைத்து ஒட்டி, கலவை காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்றைப் பூட்டினேன். நுவரெலியாவில் முழு எக்சிலேட்டரில் 12.8. கித்துல்கலவில் 14.3.

அந்த இரண்டு எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பெரிய மீட்டரில் அதே காற்றுக்குத் தகடு குறைவாகத் திறக்கும். ஈசியு காற்று குறைவு என்று எடுத்துக்கொண்டு பெற்றோலைக் குறைக்கும். மேலே இந்தக் குறைப்பு மலையின் 12 சதவீதக் கூடுதலோடு கழிந்துபோய்க் கலவை சரியாகிவிட்டது. கீழே கழிப்பதற்குக் கூடுதல் எதுவும் இல்லை, கலவை வறண்டுவிட்டது, அதாவது பெற்றோல் போதவில்லை. சுமையோடு வறண்ட கலவையில் ஏறினால் எஞ்சின் தட்டும், சூடாகும், கடைசியில் பிஸ்டனைத் தின்னும்.

ஆக எனக்குக் கிடைத்த இழுவை வாயின் அகலத்தால் வந்ததல்ல. பெற்றோல் குறைந்ததால் வந்தது.

மார்ச் 5

மீட்டரின் ஸ்பிரிங்கை இறுக்கியோ தளர்த்தியோ பெற்றோலைச் சரிபண்ணும் விஷயத்தில் ஒரு வாசகர் திசையை மாற்றிச் சொல்லியிருக்கிறார். இது தவறினால் எஞ்சின் போகும் என்பதால் தெளிவாக எழுதுகிறேன். மூடிக்குள் பல்சக்கரம் ஒன்று இருக்கும், சுருள்வில் அதில் மாட்டியிருக்கும். வில்லை இறுக்கினால் தகடு குறைவாகத் திறக்கும், பெற்றோல் குறையும். தளர்த்தினால் தகடு அதிகம் திறக்கும், பெற்றோல் கூடும். பெரிய மீட்டர் போடுகிறவர்கள் தளர்த்த வேண்டும், இறுக்கக்கூடாது. சக்கரத்தைத் தொடும் முன் முதலில் இருந்த பல்லுக்கு நகப்பூச்சில் ஒரு புள்ளி வையுங்கள். கிளிப்பைத் தூக்கும்போது சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் வில் முழுவதும் அவிழ்ந்துவிடும்.

ஐட்லிங் ஸ்க்ரூவும் இதே மாதிரி குழப்பும். அதை உள்ளே திருகினால் பக்கவழி அடைபடும், காற்று தகடு வழியாகப் போக வேண்டிவரும், கலவை கூடும். வெளியே திருகினால் குறையும்.

மார்ச் 10

பெரிய இன்ஜெக்டரும் சேர்த்துப் போட்டால் கணக்கு சரியாகிவிடாதா என்று கேட்டவருக்கு: பெற்றோல் கணக்கு ஓரளவு சரியாகும். அமெரிக்காவில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எரிபற்றும் நேரத்தையும் ஈசியு பார்த்துக்கொள்ளும் எஞ்சினில் வேறொரு சிக்கல் வரும். மீட்டர் குறைத்துச் சொல்வதால், எஞ்சினுக்குச் சுமை குறைவு என்று ஈசியு நினைக்கும், பொறியை முன்கூட்டியே விடும். சுமையோடு ஏறும் வண்டிக்கு அது ஆகாது. எஞ்சினைப் பிரித்துக் கேம், எக்ஸோஸ்ட் எல்லாம் மாற்றி 5000 சுற்றில் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய மீட்டரில் அர்த்தம் இருக்கலாம். கரட் மூட்டைக்கு இல்லை.

மார்ச் 24

தம்பி பதில் போட்டிருக்கிறார். ஒக்சிஜன் சென்சர் இல்லை, பிளக் கறுப்பு. எதிர்பார்த்ததுதான். புதிதாக ஒன்றும் சொல்லியிருக்கிறார்: சில நாட்களில் ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறதாம்.

இதை மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். ஸ்டார்டர் சுற்றும்வரை பம்புக்கு வேறு வழியில் கரண்ட் வரும். சாவியை விட்டதும் பொறுப்பு மீட்டருக்குள் இருக்கும் சுவிட்சுக்குப் போகும். தகடு திறக்காவிட்டாலும் சுவிட்ச் முனை பச்சை பிடித்திருந்தாலும் பம்ப் நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றி விரலால் தகட்டை மெதுவாகத் தள்ளுங்கள். எங்கும் உரசாமல் போய், விட்டதும் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். சாவி ஒன் நிலையில் இருக்கத் தகட்டைத் தள்ளினால் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும்.

பிறகு மீட்டரிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இதைக் கழற்றிக் கையில் எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். என் ஹோஸில் அடிப்பக்க மடிப்பு ஒன்றில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வண்டியில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வெடிப்பின் இரு உதடும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுமையோடு ஏறும்போது எஞ்சின் தன் மவுண்டில் சரியும், அப்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டு வெடிப்பு வாய் திறக்கும். அதன் வழியே போகும் காற்று மீட்டரைத் தாண்டிப் போவதால் ஈசியுவுக்குக் கணக்கே தெரியாது. சமதரையில் எல்லாம் ஒழுங்கு, ஏற்றத்தில் மட்டும் திக்கித் திக்கி ஓடும். ஒயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான்.

ஏப்ரல் 7

பஞ்சிகாவத்தையில் வாங்குகிறவர்கள் கவனிக்க. "சுப்ரா மீட்டர்" என்று சொல்லித் தருவதெல்லாம் ஒன்றல்ல. டர்போ போட்ட 7எம்-ஜிடிஇ எஞ்சினில் இருப்பது தகடு இல்லாத கார்மன் வகை. வாயில் தேன்கூடு மாதிரி வலை இருக்கும், உள்ளே தள்ளுவதற்கு எதுவும் இருக்காது. அது துடிப்புக் கணக்கு அனுப்புவது, நம் ஈசியுவுக்கு அந்தப் பாஷை தெரியாது.

தகட்டு மீட்டரிலும் இரண்டு வகை. காற்று கூடக்கூட மின்னழுத்தம் இறங்கும் வகை ஒன்று, ஏறும் வகை ஒன்று. கம்பிச் செருகி பொருந்துகிறதே என்று செருகிவிடாமல் கம்பி கம்பியாக மல்டிமீட்டரில் பாருங்கள். வெப்ப சென்சரின் இரண்டு முனைக்கும் நடுவே 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்ட வேண்டும். பம்ப் சுவிட்ச் தகடு மூடியிருக்கும்போது துண்டாகவும் தள்ளியதும் சேர்ந்தும் காட்ட வேண்டும். கரித்தடத்தின் மேல் விரல் போகும்போது ஊசி முள் மீட்டர் வைத்துப் பாருங்கள், டிஜிட்டல் வேண்டாம். முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஓரிடத்திலும் குதிக்கக்கூடாது. பேக் ஃபயர் வாங்கிய மீட்டரில் தகடு வளைந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

ஏப்ரல் 9

தடம் தேய்ந்திருந்தால் மீட்டரை வீசிவிடாதீர்கள். பலகையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, விரல் புதிய இடத்தில் ஓடும்படி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தினால் போதும். டிக்கோயாவில் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்த பாஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். மூடியை ஒட்டும்போது சிலிக்கனில் கஞ்சத்தனம் வேண்டாம், நம் ஊர் மூடுபனி எந்த இடுக்கிலும் நுழையும்.

மே 19

நான் கடைசியாகச் செய்ததைக் கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

சுப்ரா மீட்டரைக் கழற்றிவிட்டேன். வண்டியோடு வந்த மீட்டரைத் தடம் நகர்த்தித் திரும்பப் பூட்டினேன். ஹோஸ் புதிது, ஃபில்டர் புதிது. வில்லைக் கீழ்நாட்டுக்குப் பிடித்தேன்: கித்துல்கல ஏற்றத்தில் முழு எக்சிலேட்டரில் 12.8 வரும்வரை. எஞ்சின் தட்டுவது அடியோடு நின்றது. மேலே போனால் எதிர்பார்த்தபடி 11.5.

மேலே மட்டும் பெற்றோலைக் குறைக்க ஒரு வழி வேண்டும். வெப்ப சென்சர்தான் அந்த வழி. காற்று சூடு என்று தெரிந்தால் ஈசியு பெற்றோலைக் குறைக்கும். சூடு ஏற ஏற சென்சரின் தடை இறங்கும், 60 பாகையில் 0.4 முதல் 0.7 கிலோ ஓம்தான். ஆகவே சென்சரின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே 680 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, சுவிட்ச் வைத்து, பக்கவாட்டில் இணைத்தேன். சுவிட்சைப் போட்டால் 20 பாகைக் காற்று 60 பாகை என்று ஈசியுவுக்குத் தெரியும். நுவரெலியாவில் 11.5 ஆக இருந்த கலவை 12ஐத் தாண்டி வந்தது. மலையின் பிழையில் பாதிக்கு மேல் போய்விட்டது. நாற்றம் இல்லை, சுப்ரா மீட்டர் மேலே தந்த இழுவையும் ஏறத்தாழ அதேதான். ரெசிஸ்டர் ஒரு கோப்பைத் தேநீர் விலைகூட இல்லை.

கம்பியை வெட்டி வரிசையாக இணைக்காதீர்கள். பக்கவாட்டில் இணைத்தால், சுவிட்ச் கெட்டாலும் ஒட்டு விட்டாலும் வண்டி பழைய கலவைக்குத் திரும்பும். கூடுதல் பெற்றோலால் பிளக்தான் கறுக்கும், பிஸ்டன் போகாது. வரிசையில் இணைத்தது விட்டுப்போனால் ஈசியுவுக்கு வெப்பமே தெரியாமல் போகும்.

மே 26

புகைப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டவருக்கு. மலையில் ஐட்லிங் கலவையும் கூடித்தான் இருக்கும், அதனால் கார்பன் மொனொக்சைட் கூடும். கொழும்பில் ஸ்க்ரூவைப் பிடித்துவிட்டு மேலே வந்து பரிசோதித்தால் தவற வாய்ப்பு உண்டு. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் முன், எந்த ஊரில் பரிசோதனையோ அந்த உயரத்தில் எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஸ்க்ரூவைப் பிடியுங்கள். தகடு அழுக்காக இருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.

ஜூன் 16

இவ்வளவு பாடுபடுவதைவிட ஹாட் வயர் மீட்டருக்கே போய்விடலாமே என்றொரு கேள்வி. சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து அளப்பதால் அது நேராக எடையைச் சொல்லும், மலையிலும் ஏமாறாது. கொள்கையளவில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதன் மின்னழுத்தம் பழைய ஈசியுவுக்குப் புரியாது. நடுவில் மாற்றிக்கொடுக்கும் பெட்டி வேண்டும், அல்லது நாமே கணக்கு எழுதும் ஈசியு வேண்டும்.

அப்படிச் செலவு செய்யத் துணிந்தால் நான் மீட்டரே இல்லாத முறைக்குப் போவேன். கொரோல்லா 110இன் 5ஏ எஞ்சினைப் பாருங்கள். மீட்டர் கிடையாது, எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு சின்ன சென்சர் பார்க்கிறது. மலை ஏறினால் அழுத்தம் குறைவது அதற்குத் தானே தெரியும். ஹட்டன் டாக்சிக்காரர்கள் அந்தக் காரைப் பற்றி உயரத்தைச் சொல்லி முறையிட்டு நான் கேட்டதில்லை. வெடிக்கிற ஹோஸால் கணக்குத் தவறுவதும் குறைவு. நல்ல நிலையில் ஒரு தொகுதி கிடைத்தால் அந்த வேலையைச் செய்து பார்க்க ஆசை இருக்கிறது.

ஆகஸ்ட் 4

பண்டாரவளைத் தம்பி வேலையை முடித்துவிட்டார். சுப்ரா மீட்டர் வாங்கவில்லை. ஹோஸில் வெடிப்பு, பம்ப் சுவிட்ச் முனையில் பச்சை, இரண்டையும் சரிசெய்ததிலேயே திக்கலும் சாவியை விட்டதும் நிற்பதும் போய்விட்டனவாம். ரெசிஸ்டர் போட்டபின் ஹப்புத்தளை ஏற்றத்தில் நாற்றமும் இல்லை என்கிறார். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி. டாஷ்போர்டில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்ப் வைத்துக்கொள்ளுங்கள், சுவிட்ச் போட்டிருக்கும்வரை எரியட்டும். அதற்கு இரட்டைச் சுவிட்ச் வாங்குங்கள்: ஒரு பக்கம் ரெசிஸ்டருக்கு, மறுபக்கம் பல்புக்கு. பல்பின் கரண்டைச் சென்சர் கம்பியில் கலந்துவிடாதீர்கள். வெல்லவாயப் பக்கம் இறங்கும்போது பெரகல சந்தியிலேயே அணைத்துவிடுங்கள். கீழே சுமை ஏற்றிக்கொண்டு அது எரிந்தபடியே திரும்பி ஏறக்கூடாது.